திருமலையின் பொப் பாட்டும் பழைய பத்திரிகைகளும்

ஈழத்துத் தமிழ்ப் பொப் இசை என்றதும் பெரும்பாலானோர் வாயில் முதலில் வருவது ‘சின்ன மாமியே’. அடுத்தது ‘சுராங்கனி’. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் அந்தப் பாட்டுகளோடு ஒட்டிப்போன பெயர்கள். பேசுகிறவர்கள் திருமலை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் திருகோணமலைக்காரர் என்றால் அதோடு நிற்காது. பரமேஸ்–கோணேஸ் என்று இன்னொரு பெயரும் கட்டாயம் வரும். ‘உனக்குத் தெரியுமா நான் உன்னை நினைப்பது’ என்ற பாட்டை இசைத்தட்டில் கொண்டுவந்த எங்கள் ஊர்ச் சகோதரர்கள். இலங்கையில் வெளிவந்த முதல் தமிழ் மெல்லிசைத் தட்டு அதுதான் என்று பலரும் சொல்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள்.

சரி, அந்தத் தட்டு எந்த மாதம் கடைக்கு வந்தது? வானொலி அதை எப்போது முதல் ஒலிபரப்பியது? வெளிவந்த வாரத்தில் பத்திரிகைகள் அதைப் பற்றி என்ன எழுதின? இப்படிக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். அதன் வரலாறு மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது. அது கிடக்கும் இடங்கள் இரண்டு: அந்தக் காலத்துப் பத்திரிகைப் பக்கங்களும், வாசித்தவர்களுடைய, பாடியவர்களுடைய வாயும். இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் இந்த இசையின் கதையை நேராகச் சொல்ல முடியாது. தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே ஆளைத் தவறான பக்கம் கொண்டுபோகக்கூடியவை.

முதலில் பின்னணி. அறுபதுகளின் கடைசியில் இந்த இசை திடீரென்று முளைத்ததுபோலத் தெரியும். அதற்கான மண் முன்பே பண்பட்டிருந்தது. கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வந்த பிறகு, தமிழ், இந்தி, ஆங்கிலப் பாட்டுகள் எல்லாம் ஒரே பெட்டிக்குள்ளால் வீட்டுக்கு வந்தன. நேயர் விருப்பத்தில் தங்கள் பெயரும் ஊரும் வாசிக்கப்படுவதைக் கேட்கத் தபாலட்டை போட்டுவிட்டுக் காத்திருந்த தலைமுறை அது. சிங்களத்தில் வொலி பஸ்தியன் போன்றவர்கள் பைலா என்ற துள்ளல் பாட்டை மேடைக்கும் இசைத்தட்டுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். அறுபதுகளில் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் கிளரன்ஸ் விஜேவர்தனவும் எலெக்ட்ரிக் கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

திருமலைக்கு இன்னும் இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று துறைமுகம். 1957 ஒக்ரோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும் வரை, கடற்படையினரின் நடனமும் மேற்கத்தைய வாத்தியங்களும் இந்த ஊர்க் காதுக்குப் பழக்கப்பட்டவை. மற்றது பாலையூற்றுப் பக்கத்துப் பறங்கியர். போர்த்துக்கேய வழிவந்த இந்தச் சமூகத்தின் கல்யாண வீடுகளில் பாடி ஆடப்படும் கஃப்ரிஞ்ஞா என்ற ஆடல் பாட்டும் பைலாவும் ஒரே வேரின் கிளைகள். வயலினும் மேளமும் போடும் அந்த ஆறு-எட்டுத் தாளத்தைக் கேட்டுவிட்டு ‘சின்ன மாமியே’யைக் கேட்டுப் பாருங்கள், கால் ஒரே மாதிரித்தான் தட்டும். மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரின் மொழியையும் பாட்டுகளையும் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் ஒலி, ஒளிப் பதிவுகளாக்கி, அருகிவரும் மொழிகளுக்கான சர்வதேசக் காப்பகமொன்றில் சேர்த்திருக்கிறார்கள். அதே ஊரில், அதே காலத்தில் தமிழில் பாடிய இசைக்குழுக்களுக்கு அப்படியொரு பதிவு நடக்கவில்லை. இது எனக்குப் பெரிய மனவருத்தம்.

பிறகு பொருளாதாரம். 1970 முதல் 1977 வரை இருந்த அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகள் வருவதும் குறைந்தது. அரிசிக்கும் துணிக்கும் மக்கள் வரிசையில் நின்ற கஷ்டகாலம். உள்ளூர்க் கலைஞனுக்கோ அதே காலம்தான் ஒரு வாசலைத் திறந்தது. உள்ளூர்ப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் கூடுதலாக வாசிக்கப்பட்டன. 1967இல் கூட்டுத்தாபனமாக மாறியிருந்த வானொலி ஈழத்து மெல்லிசைக்கு இடம் கொடுத்தது. உள்ளூரில் தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்டன. 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ படத்தில் மனோகரன் நடித்ததும் அந்த அலையின் தொடர்ச்சிதான். 1977இல் சந்தை திறந்துவிடப்பட, கசற் ரெக்கோடர்கள் வீட்டுக்கு வீடு வந்தன, தென்னிந்தியச் சினிமாப் பாட்டும் வெள்ளமாக வந்தது. உள்ளூர் இசைத்தட்டுக்கு இருந்த சின்ன இடமும் போனது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பாடினவர்களும் வாசித்தவர்களும் ஜேர்மனி, கனடா, அவுஸ்திரேலியா என்று சிதறினார்கள். பரமேஸ் ஜேர்மனியிலும் நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிலும் வாழ்க்கையைத் தொடர்ந்தார்கள்.

ஆகவே நமக்குக் கிடைக்கும் பேட்டிகளில் பெரும்பாலானவை புலம்பெயர்ந்த பிறகு, முப்பது நாற்பது வருடம் கழித்து எடுக்கப்பட்டவை. புலம்பெயர் வானொலிகளிலும் தொலைக்காட்சிகளிலும் வந்த அந்தப் பேட்டிகளில் பாசம் இருக்கும், ஏக்கம் இருக்கும். வருடம் மட்டும் கொஞ்சம் அசைந்துகொண்டே இருக்கும். இளமையில் செய்த காரியத்தை முதுமையில் சொல்லும்போது, இடையில் நடந்ததெல்லாம் அதோடு கலந்துவிடும். ஊரை இழந்தவர் சொல்லும்போது, அந்த இழப்பே கதைக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்துவிடும்.

பிற நாடுகளில் இதே சிக்கலை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் பார்க்கலாம். பிரித்தானியாவில் ‘மெலடி மேக்கர்’ 1926இலும் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ 1952இலும் தொடங்கின. அறுபதுகளில் இரண்டும் வாரா வாரம் வந்தவை. அங்கே ஒரு பாடகர் பின்னாளில் என்ன சொன்னாலும், அந்த வாரத்தில் என்ன அச்சானது என்று எடுத்துப் பார்க்க முடியும். பழைய இசைக் கட்டுரைகளையும் பேட்டிகளையும் மட்டும் திரட்டி வைக்கும் ‘ரொக்ஸ் பக்பேஜஸ்’ போன்ற இணைய நூலகமும் அங்கே உண்டு. ஜோன் லெனன் 1970 டிசம்பரில் ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகைக்குக் கொடுத்த நீண்ட பேட்டி, பீற்றில்ஸ் குழு உடைந்த சூட்டோடு வந்தது. அதில் கோபம் கொதிக்கும். அது பின்னர் புத்தகமாக வந்ததை லெனனே விரும்பவில்லை. பத்து வருடம் கழித்து, 1980இல், வேறொரு சஞ்சிகைக்கு அவர் கொடுத்த பேட்டியில் ஒவ்வொரு பாட்டாக எடுத்து நிதானமாகப் பேசுகிறார். இரண்டுமே உண்மையான பேட்டிகள். அவற்றைத் திகதியோடு வாசிக்கிறவனுக்குத்தான் வித்தியாசம் புரியும். அத்தனை காகிதம் இருந்தும், ‘இன் மை லைஃப்’ பாட்டின் மெட்டைப் போட்டது யார் என்பதில் லெனன் சொன்னதும் மக்கார்ட்னி சொன்னதும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

நமக்கும் அப்படியொரு வழக்கு இருக்கிறது. ‘சின்ன மாமியே’யைப் பாடிப் பரப்பியவர் நித்தி கனகரத்தினம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எழுதியது வடமராட்சியைச் சேர்ந்த வேறொருவர் என்று சொல்லும் பேச்சும் நெடுநாளாக உண்டு. இதில் யார் சரி என்று பேட்டியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லப் போனால் அது ஆளுக்கு ஆள் கட்சி கட்டுவதில்தான் முடியும். அந்தக் காலத்து மேடை நிகழ்ச்சி அறிவித்தல், கல்லூரி மலர், பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு உறை, இவற்றில் யார் பெயர் எங்கே அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதுதான் வழி. ‘சுராங்கனி’யிலும் இதே போன்ற குழப்பம் வருவதுண்டு. 1977இல் தமிழ்நாட்டில் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் ‘சுராங்கனி’ வந்தது. அங்கே அதைச் சினிமாப் பாட்டாகவே அறிந்தவர்கள் ஏராளம். திகதி போட்ட ஒரு தாள் கையில் இருந்தால் பாட்டு எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போனது என்று வாதிடவே தேவையில்லை.

அப்படியானால் நம்முடைய தாள்கள் எங்கே? வீரகேசரி 1930இலிருந்து வருகிறது, தினகரன் 1932இலிருந்து. 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழநாடு பின்னர் நாளேடானது. எஸ். டி. சிவநாயகம் ஆசிரியராக இருந்த தினபதியும் வார ஏடு சிந்தாமணியும் பொதுமக்கள் விரும்பி வாசித்தவை. சஞ்சிகைகளில் மல்லிகை, சிரித்திரன். வானொலிக்கென்றே வானொலி மஞ்சரி இருந்தது.

இவற்றை வாசிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். தினபதி, சிந்தாமணி பத்திரிகைகளை வெளியிட்ட நிறுவனத்தை 1974 ஏப்ரலில் அரசு மூடி முத்திரை வைத்தது. 1977இல்தான் அது மறுபடி திறந்தது. பொப் இசை உச்சத்தில் இருந்த மூன்று வருடங்கள் அவை. பின்னாளில் ஒருவர் சிந்தாமணி கட்டுகளை மட்டும் புரட்டிவிட்டு, அந்த வருடங்களில் செய்தியே இல்லை, அலை ஓய்ந்துவிட்டது என்று எழுதினால், அவர் எழுதுவது அரசியலின் தடத்தை இசையின் வரலாறு என்று நினைத்துக்கொண்டுதான். யாழ்ப்பாணத்தில் 1981 மே, ஜூன் நாட்களில் பொது நூலகத்தோடு ஈழநாடு பணிமனையும் எரிக்கப்பட்டது. நூலகத்தில் மட்டும் 97,000 நூல்கள் என்பார்கள். அந்த நெருப்பைப் பற்றிப் பேசும்போது அரிய ஏட்டுச் சுவடிகளைத்தான் நினைக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கலைப் பக்கத்தின் மூலையில் இருந்த நாலு வரி இசை நிகழ்ச்சிக் குறிப்பும் அப்படிப் போனதுதான். ஒலிநாடாக்களும் பாதுகாப்பாக இருக்கவில்லை. நாடா விலை கூடிய பொருள் என்பதால் அழித்து மறுபடி பதிவது உலக வானொலிகள் பலவற்றில் நடந்திருக்கிறது. பி.பி.சி.யே அப்படி எத்தனையோ நிகழ்ச்சிகளை இழந்திருக்கிறது.

திருமலையின் நிலை இன்னொரு படி கீழே. தேசியப் பத்திரிகைகள் கொழும்பில் இருந்தன, வடபுலத்தின் பெரிய நாளேடு யாழ்ப்பாணத்தில் இருந்தது. திருமலையில் நடந்தது ‘திருகோணமலை நிருபர்’ அனுப்பினால்தான் அச்சாகும். அவர் அனுப்பியதில் துறைமுகமும் கோணேசர் கோவிலும் கந்தளாய் நீரும் முன்னுக்கு வரும். ஒரு இளைஞர் குழு மண்டபத்தில் கிற்றார் வாசித்தது பின்னுக்குப் போகும், அல்லது போடவே மாட்டார்கள். இப்படித்தான் ஈழத்துப் பொப் இசையின் கதை கொழும்பு–யாழ்ப்பாணக் கதையாக எழுதப்பட்டுவிட்டது. இந்த ஊர்க் குழுக்கள் குறைவாகப் பாடியதால் வந்ததல்ல இது. அச்சகம் தூரத்தில் இருந்ததுதான் காரணம். முதல் தட்டு வெளியிட்டவர்கள் திருமலைக்காரர் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே, மறுபக்கம் அந்த ஊரைப் பற்றி ஒரு பந்திகூட இல்லாத வரலாற்றை எழுதுவது எப்படிச் சரியாகும்?

பழைய பத்திரிகையில் எதைத் தேடுவது? பேட்டியை மட்டும் தேடிப் பயனில்லை. அந்தக் காலத்தில் நம் பத்திரிகைகள் பாடகர்களை இருத்தி வைத்து நீண்ட பேட்டி எடுத்தது குறைவு. சின்னச் சின்ன விளம்பரங்களில்தான் புதையல் இருக்கிறது. ஒரு இசை நிகழ்ச்சி விளம்பரத்தை நிதானமாக வாசித்தால் எவ்வளவு வெளிவரும் தெரியுமா? திகதி, மண்டபம், தொடங்கும் நேரம். நுழைவுச் சீட்டு எத்தனை வகுப்பு என்பதிலிருந்து யார் பார்க்க வந்தார்கள் என்று ஊகிக்கலாம். யார் பெயர் பெரிய எழுத்தில், யார் பெயர் ‘மற்றும்’ என்பதற்குப் பிறகு என்பதிலிருந்து அந்த மாதத்தில் யாருக்கு மதிப்பு என்று தெரியும். யாருடைய ஒலிபெருக்கி, எந்தச் சங்கத்தின் கட்டிட நிதி, நகைச்சுவைக்கு யார், நடனத்துக்கு யார் என்று எல்லாம் அந்தச் சதுரத்துக்குள் இருக்கும். விளம்பரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது வரலாறு எழுத நினைத்து எழுதப்பட்டதல்ல, சீட்டு விற்க எழுதப்பட்டது. திகதியைத் தவறாகப் போட்டால் கூட்டம் வராது. ஆகவே திகதி விஷயத்தில் விளம்பரத்தை நம்பலாம். ‘அலை மோதும் கூட்டம்’, ‘இலங்கையிலேயே முதன்முறையாக’ என்பவற்றை அப்படி நம்பிவிட முடியாது.

இசைத்தட்டையும் ஒரு பத்திரமாக வாசிக்கலாம். ஏழு அங்குலத் தட்டு, 45 சுற்று, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் நிறுவனம், தட்டின் இலக்கம், பாடியவர், இசையமைத்தவர். அதற்கும் வெளியே, பாட்டு முடிந்து ஊசி ஓடும் வெறும் வளையத்தில், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் கீறியதுபோலச் சில எழுத்தும் இலக்கமும் தெரியும். அது அச்சு இலக்கம். அதே நிறுவனத்தின் திகதி தெரிந்த தட்டுகளோடு அதை ஒப்பிட்டால், இந்தத் தட்டு எந்தக் காலப்பகுதியில் அச்சானது என்று நெருங்கிப் போகலாம். ‘முதல் தட்டு’ என்ற பெருமையைத் திருமலை சும்மா வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தட்டின் இலக்கமும் கடை விளம்பரமும் வானொலி நிகழ்ச்சி நிரலும் ஒரே பக்கம் கைகாட்டினால் அதை யாராலும் அசைக்க முடியாது. அவை வேறு பக்கம் காட்டினாலும் பாட்டின் அழகு குறையப் போவதில்லை.

இனி வாய்மொழி. இந்த ஊரில் அக்காலக் குழுக்களில் வாசித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடகர் பெயர் மட்டும் நினைவில் நின்றது. பொங்கோஸ் வாசித்தவரை, அக்கோடியன் பிடித்தவரை, மைக் கட்டியவரை யாரும் கேட்கவில்லை. உவர்மலையில் ஒரு கிற்றார்க்கார ஐயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். எந்த வருடம் மேடை ஏறினீர்கள் என்றேன். “அறுபத்தெட்டு... இல்லை தம்பி, எழுபது இருக்கும்” என்றார். அதற்கு மேல் நகரவில்லை. வாத்தியங்களை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். முகமே மாறிவிட்டது. “ட்ரம்ஸ் செற் ரயிலிலைதான் வந்தது. கல்ஓயாச் சந்தியிலை இறக்கி மாத்தேக்க ஒரு சிம்பல் காணாமப் போச்சு. அண்டைக்கு எவர்சில்வர் தட்டத்திலை தட்டித்தான் சமாளிச்சம்” என்று தொடங்கியவர், அந்த இரவு பாடிய பாட்டுகளின் வரிசையையே சொல்லி முடித்தார். ஆல்பம், கடிதம், படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, “எல்லாம் போயிட்டுது தம்பி” என்று மட்டும் சொன்னார். இந்த ஊரில் 83 கலவரம், 90 போர், பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி என்று வீடுகள் வெறுமையான தவணைகள் பல. எந்தத் தவணையில் போனது என்று நான் கேட்கவில்லை.

நினைவு வருடத்தைப் பிடித்து வைப்பதில்லை, பொருளைப் பிடித்து வைக்கிறது. எனவே பேட்டி எடுக்கப் போகிறவர்கள் “எப்போது தொடங்கினீர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒத்திகை யார் வீட்டில் நடந்தது, பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள், கிற்றார்க் கம்பி அறுந்தால் எங்கே வாங்கினீர்கள், காசு எப்படிப் பிரித்தீர்கள், சிங்களக் குழுக்களோடு ஒரே மேடையில் ஏறினீர்களா, எந்தப் பாட்டுக்கு ‘மறுபடி’ கேட்டார்கள் என்று கேளுங்கள். பெண்கள் பாடினார்களா, பாடவில்லையென்றால் யார் தடுத்தார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை நம்மில் பலர் கேட்பதே இல்லை. போகும்போது பழைய விளம்பரத்தின் ஒரு பிரதியைக் கையில் கொண்டுபோவது இன்னும் நல்லது. பேட்டி கொடுப்பவர் சொல்லும் கதையை அந்தத் தாள் திருத்தும், தாளில் அச்சாகாத பெயர்களை அவர் சேர்ப்பார். ரயில் கதை போன்ற ஒன்று கிடைத்தால், அது எந்த நிகழ்ச்சிக்கு என்று பத்திரிகையில் தேடித் திகதியைக் கட்டிவிடலாம்.

முன்பு இதற்கெல்லாம் கொழும்புச் சுவடிக்கூடத்தில் போய் உட்கார வேண்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் வந்த பிறகு, ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் கல்லூரி மலர்களும் பெருமளவில் ஸ்கேன் செய்யப்பட்டு வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. அதே நிறுவனத்தின் ஆவணகம் தளத்தில் ஒலிப்பதிவுகள், படங்கள், துண்டுப் பிரசுரங்கள் சேர்கின்றன. பத்திரிகைகள் பெரும்பாலும் படப் பக்கங்களாக இருப்பதால் பாடகர் பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் அதிகம் அகப்படாது. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். ஞாயிறு இதழ்களில் கலைப் பக்கம், சினிமா விளம்பரங்களுக்கு அடியில் உள்ள கட்டங்கள், மாவட்டச் செய்திப் பக்கம், வானொலி நிகழ்ச்சி நிரல் என்ற நாலு இடங்களை முதலில் பாருங்கள். பொப், பாப், துள்ளிசை, மெல்லிசை, இன்னிசைக் கோஷ்டி என்று தலைப்பு எப்படியும் இருக்கும். பரமேஸ் சில இடங்களில் பரமேஷ் ஆகியிருப்பார். கோவில் திருவிழா மலர்களையும் விடாதீர்கள். பத்திரகாளி அம்பாள் கோவில் போன்ற இடங்களின் திருவிழா இரவுகளில் எந்தக் கோஷ்டி வாசித்தது என்று உபயகாரரின் பெயரோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள். அந்த உபயகாரர் குடும்பம் இன்னும் ஊரில் இருந்தால் அவர்கள் வீட்டு அலுமாரியில் ஒரு நோட்டீஸ் இருக்க இடமுண்டு. கண்டெடுத்தால் கைபேசியில் நேராக, நாலு மூலையும் தெரிய ஒரு படம் எடுத்து, எங்கே யாரிடம் எப்போது கிடைத்தது என்று குறித்து, அவர்களுடைய சம்மதத்தோடு ஆவணகத்துக்கு அனுப்பிவிடுங்கள். மூலத்தை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.